அகதி வந்தால் நோயும் கூடவே வருமா? – வாசகர் கேள்விகளும் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயாவின் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை அகதிகளையும் தொற்றுநோயையும் பற்றியவை. கடலில் வந்து இறங்கிய ரோஹிங்கியாக்களில் தொடங்கி கனடாவில் இருமிக்கொண்டிருக்கும் நம்மாட்கள் வரைக்கும் கேட்டிருக்கிறீர்கள். அதனால் டெங்கு, நாய்க்கடி, எலிக்காய்ச்சல் எல்லாவற்றையும் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன், கோபிக்க வேண்டாம். வழக்கம்போல ஊர்ப்பெயர் மட்டும்தான் போட்டிருக்கிறேன்.

களுவாஞ்சிக்குடி வாசகர்: 2024 டிசம்பரில் முள்ளிவாய்க்கால் கடலில் ரோஹிங்கியா மக்கள் படகோடு வந்தபோது எங்கள் ஊர் வட்ஸ்அப் குழுவில் ஒருவர், "இவங்கள வெச்சிருந்தா நாட்டில இல்லாத வருத்தமெல்லாம் வரும், திருப்பி அனுப்பணும்" என்று எழுதினார். பலர் அதற்குக் கைதட்டல் போட்டார்கள். எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் என்ன பதில் சொல்வது என்றும் தெரியவில்லை. உண்மையிலேயே ஆபத்து இருக்கிறதா ஐயா?

தம்பி, ஆபத்து இருக்கிறது, ஆனால் முதல் ஆபத்து அவர்களுக்குத்தான். நாட்கணக்காகக் கடலில், நல்ல தண்ணீர் இல்லாமல், ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து தூங்கி வந்தவர்களுக்கு என்ன இருக்கும்? நீரிழப்பு இருக்கும், சொறி சிரங்கு இருக்கும், பிள்ளைகளுக்குக் காய்ச்சல் இருக்கும். அவர்களுடைய சொந்த மண்ணான, மியன்மாரின் ராக்கைனில் பல பிள்ளைகளுக்கு ஒழுங்காகத் தடுப்பூசியே போடவில்லை. அங்கே அவர்களுக்குக் குடியுரிமையும் இல்லை, ஒரு ஊரிலிருந்து அடுத்த ஊர் ஆஸ்பத்திரிக்குப் போகவே அனுமதி வாங்க வேண்டிய நிலை.

இதன் விளைவு 2017இல் பங்களாதேஷில் தெரிந்தது. அந்த வருடம் ஆகஸ்ட் 25க்குப் பிறகு சில மாதங்களுக்குள் 7 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் எல்லை கடந்து கொக்ஸ் பஸார் பக்கம் வந்தார்கள், மலையை வெட்டி மூங்கிலும் தறப்பாளும் வைத்துக் குடிசை கட்டினார்கள். நவம்பரில் தொண்டைக்கரப்பான் (டிப்தீரியா) கிளம்பியது. நம் ஊர் இளம் டொக்டர்கள் பலர் புத்தகத்தில் மட்டுமே பார்த்திருக்கிற நோய் அது, தொண்டையில் சாம்பல் நிறத்தில் ஒரு தோல் படர்ந்து பிள்ளைக்கு மூச்சை அடைத்துவிடும். 8,000க்கும் மேற்பட்டவர்கள் சந்தேக நோயாளிகளாகப் பதிவானார்கள், 40க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், அதிகமும் பிள்ளைகள். உங்கள் வட்ஸ்அப் நண்பர் இதை மட்டும் படித்தால் "பாத்தீங்களா, நான் சொன்னேன்தானே" என்பார். ஆனால் மீதிக் கதையையும் அவருக்குச் சொல்லுங்கள். அந்த முகாம்களைச் சுற்றியிருந்த உள்ளூர் வங்காளிகளில் இந்த நோய் கண்டவர்கள் மிகச் சொற்பம், ஏனென்றால் அவர்களில் பெரும்பாலோர் சிறு வயதிலேயே ஊசி போட்டவர்கள். அதே முகாமில் வாந்திபேதி (கொலரா) வந்துவிடும் என்று பயந்து அக்டோபரிலேயே ஏறத்தாழ 7 லட்சம் பேருக்கு வாய்வழித் தடுப்பு மருந்து கொடுத்தார்கள், எல்லாரும் எதிர்பார்த்த பெரிய வாந்திபேதி வரவேயில்லை. ஒரே சனம், ஒரே சேறு. ஊசி முந்திப் போன இடத்தில் நோய் வரவில்லை, பிந்திய இடத்தில் பிள்ளைகள் செத்தார்கள்.

உலக சுகாதார நிறுவனம் ஐரோப்பாவுக்கு வரும் அகதிகளையும் குடியேறிகளையும் பற்றி 2019 ஜனவரியில் ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டது. அகதிகளிடமிருந்து உள்ளூர் மக்களுக்குத் தொற்றுநோய் பரவும் வாய்ப்பு மிக மிகக் குறைவு என்றுதான் அதிலும் இருக்கிறது. வந்த பிறகு அவர்களை வைத்திருக்கும் இடத்தாலும், ஆஸ்பத்திரிக்குப் போகப் பயப்படுவதாலும்தான் அவர்களுக்கு நோய் கூடுகிறது.

அதற்காக ஒன்றும் செய்யாமல் இருக்கச் சொல்லவில்லை. கரையிறங்கிய அன்றே சாப்பாடு, தண்ணீர், சொறிக்கு மருந்து கொடுக்க வேண்டும். பிள்ளைகளுக்குச் சின்னமுத்து (தட்டம்மை) ஊசியும் இளம்பிள்ளைவாதச் சொட்டு மருந்தும் போட வேண்டும். இரண்டு கிழமைக்கு மேல் இருமுகிறவருக்குச் சளிப் பரிசோதனை, காய்ச்சல்காரருக்கு மலேரியா இரத்தப் பரிசோதனை. இவ்வளவும் நம்முடைய ஒரு எம்.ஓ.எச். (சுகாதார மருத்துவ அதிகாரி) அலுவலகத்துக்குத் தெரிந்த வேலைதான். இதையெல்லாம் கெடுக்கக்கூடியது ஒன்றுதான், "வருத்தம் இருக்கு எண்டு தெரிஞ்சா திருப்பி அனுப்பிருவாங்கள்" என்ற பயம். அந்தப் பயம் வந்துவிட்டால் தாய் பிள்ளையின் காய்ச்சலை மறைப்பாள், அப்புறம் எந்தப் பி.எச்.ஐ. போனாலும் "இங்க எல்லாரும் சுகம்" என்ற பதில்தான் கிடைக்கும். திருப்பி அனுப்பச் சொல்லி எழுதுகிறவர்கள்தான் அந்தப் பயத்தை வளர்க்கிறார்கள்.

இன்னொன்றையும் அவரிடம் சொல்லுங்கள். சின்னமுத்தை ஒழித்த நாடு என்று 2019இல் பெயர் வாங்கினோம், 2023இல் அது திரும்பி வந்தது. ஊசி போடும் வயது வராத குழந்தைகளையும், சின்ன வயதில் ஊசி தவறிய நம் ஊர் இளைஞர்களையும்தான் அது அதிகம் பிடித்தது. படகைப் பார்க்க முதல் வீட்டிலுள்ள பிள்ளையின் கிளினிக் கொப்பியைத் திறந்து 9 மாத ஊசியும் 3 வயது ஊசியும் போட்டிருக்கிறதா என்று பார்க்கட்டும்.

வாகரை வாசகி: 2006 கடைசியில் ஊரைவிட்டு ஓடி வந்து மட்டக்களப்புப் பக்கம் ஒரு முகாமில் மாதக்கணக்காக இருந்தோம். பிள்ளைகளுக்கு மாறி மாறி வயிற்றோட்டம், சொறி, அம்மாள் வருத்தம். பக்கத்து ஊர்ச் சனம் எங்களைக் கிணற்றடிக்கு விடவில்லை, "முகாம் வருத்தம்" என்று பெயரும் வைத்தார்கள். எங்கட சுத்தமில்லாமையால்தான் வந்ததா ஐயா? இத்தனை வருடமாக மனதில் கிடக்கிறது.

அக்கா, இல்லை. இதை உங்களிடம் அப்போதே யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

உங்கள் ஊரில் உங்களுக்கென்று ஒரு வளவும், ஒரு கிணறும், ஒரு மலசலகூடமும் இருந்தன. அதை விட்டு வந்தவர்களுக்கு உலகம் ஒத்துக்கொண்ட ஆகக் குறைந்த அளவு ஒன்று இருக்கிறது. ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 லீற்றர் தண்ணீர், 20 பேருக்கு ஒரு மலசலகூடம், கூரைக்குக் கீழே ஆளுக்கு மூன்றரைச் சதுர மீற்றர் இடம். 15 லீற்றர் என்றால் குடிக்க, சமைக்க, குளிக்க, பிள்ளையின் துணி துவைக்க எல்லாவற்றுக்கும் சேர்த்து. நம் ஊரில் ஒரு ஆள் கிணற்றடியில் நின்று குளிப்பதற்கே அதைவிட அதிகம் ஊற்றுவார். அந்த ஆகக் குறைந்த அளவே இப்படியென்றால், தண்ணீர் பவுசர் பிந்துகிற நாளில் என்ன நடக்கும்? கை கழுவுவதுதான் முதலில் நிற்கும். 2007 தொடக்கத்தில் மட்டக்களப்பு மாவட்டத்தில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இடம்பெயர்ந்து இருந்தார்கள். சவுக்கடி, பாலைச்சோலை, குருக்கள்மடம் என்று எங்கே பார்த்தாலும் கூடாரம். அந்தக் கூட்டத்தில் யாரை வைத்தாலும், பணக்காரர் வாழும் கொழும்பு ஏழில் பிறந்தவரை வைத்தாலும், சொறி வரும்.

மிக மோசமான உதாரணம் ஒன்று சொல்கிறேன். 1994 ஜூலையில் ருவாண்டாவிலிருந்து லட்சக்கணக்கானோர் சில நாட்களுக்குள் எல்லை கடந்து, அப்போது சயீர் என்று இருந்த நாட்டின் கோமா நகரத்துக்குப் போனார்கள். அங்கே நிலம் முழுக்க எரிமலைப் பாறை, மலசலகூடக் குழி தோண்ட முடியாது, கிணறும் வெட்ட முடியாது. பக்கத்தில் இருந்தது கிவு ஏரி, எல்லாரும் அதில்தான் அள்ளினார்கள். வாந்திபேதி வந்தது, அதன் பின்னால் இரத்த வயிற்றுளைவு வந்தது. முதல் மாதத்துக்குள் கிட்டத்தட்ட 50,000 பேர் இறந்தார்கள். அவர்களில் விவசாயி இருந்தார், ஆசிரியர் இருந்தார், தாதி இருந்தார். சுத்தமாக இருக்கத் தெரியாமல் யாரும் சாகவில்லை, சுத்தமாக இருக்கத் தேவையானது அங்கே இல்லை.

அம்மாள் வருத்தம், அதுதான் கொப்புளிப்பான், அது வேறு வழியில் வந்தது. காற்றில் பரவுகிற நோய், தண்ணீருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நம் பக்கத்தில் கொப்புளிப்பான் வந்தால் வாசலில் வேப்பிலை செருகி, வெளி ஆட்களை உள்ளே விடாமல், வருத்தக்காரரைத் தனி அறையில் வைப்பது வழக்கம். வைகாசியில் கண்ணகி அம்மன் குளிர்த்திக்கு நேர்த்தியும் வைப்போம். நோய் பற்றிய விளக்கம் எதுவாக இருந்தாலும், அந்தத் தனிமைப்படுத்தல் நூற்றுக்கு நூறு சரியான வேலை. முகாமில் தனி அறைக்கு எங்கே போவது? பாய்க்குப் பாய் ஒட்டிக்கொண்டு கிடக்கிற இடத்தில் ஒரு பிள்ளைக்கு வந்தால் அந்த வரிசை முழுவதும் வரும். 2009இல் வவுனியா மெனிக் பாம் முகாமிலும் இதுதான் நடந்தது, கொப்புளிப்பானும் வந்தது, தண்ணீரால் பரவுகிற செங்கண்மாரியும் (மஞ்சள்காமாலை) வந்தது.

கிணற்றடிக்கு விடாதவர்கள் பயத்தில் செய்தார்கள் என்று நான் சமாதானம் சொல்லப் போவதில்லை, செய்தது பிழை. கிணற்றுக்குக் குளோரின் போட்டு, அள்ளுவதற்கு ஒரு பொது வாளி வைத்து, வீட்டுக்குள் தண்ணீரை மூடி வைத்தால் யார் அள்ளினாலும் பிரச்சினை இல்லை. ஆளைத் தடுப்பதால் அயலவருக்கும் பாதுகாப்பு இல்லை, விரட்டப்பட்டவர்கள் வாய்க்காலிலோ குளத்திலோ அள்ளுவார்கள், நோய் அங்கே தொடங்கி ஊரைச் சுற்றி வரும். 2022இல் லெபனானுக்கு வாந்திபேதி திரும்பி வந்தது, 1993க்குப் பிறகு அதுதான் முதல் தடவை. அயல்நாடான சிரியாவில் செப்டம்பரில் தொடங்கி அக்டோபரில் லெபனானுக்குள் வந்ததும் சிரிய அகதிகள் மீது விரல் நீட்டியவர்கள் நிறையப் பேர். ஆனால் அந்த நேரம் லெபனானில் மின்சாரம் இல்லாமல் தண்ணீர் இறைக்கும் நிலையங்களும் கழிவுநீர் நிலையங்களும் நின்றுபோய்க் கிடந்தன. அகதிக்கும் வந்தது, லெபனான்காரருக்கும் வந்தது. ஒரே குழாயில் குடிப்பவர்களுக்கு ஒரே நோய்.

சாய்ந்தமருது வாசகர்: சுனாமிக்குப் பிறகு மையித்துகளை உடனே அடக்காவிட்டால் கொலரா வரும் என்று அவசரப்படுத்தினார்கள். பெயர்கூடத் தெரியாமல் எத்தனையோ பேரை அடக்கினோம். அது தேவைப்பட்டதா?

இல்லை நானா. வெள்ளத்திலோ சுனாமியிலோ இறந்தவரின் உடலிலிருந்து கொள்ளைநோய் கிளம்பாது. அவர் நோயால் இறக்கவில்லை, தண்ணீரில் இறந்தவர். வாந்திபேதிக் கிருமி அவர் உடம்பில் முதலே இருந்தால்தான் அது வெளியே வர முடியும். உடலைத் தூக்குகிறவர் கையுறை போட்டு, பிறகு சவர்க்காரம் போட்டுக் கழுவினால் போதும். குடிதண்ணீர்க் கிணற்றுக்குள் உடல் கிடந்தால் மட்டும் கிணற்றை இறைத்துச் சுத்தம் செய்ய வேண்டும். அம்பாறை மாவட்டம்தான் 2004இல் ஆகக் கூடுதலாக உயிர்களைக் கொடுத்தது, அதற்குப் பிறகு முகாம்களில் பெரிய கொள்ளைநோய் எதுவும் வரவில்லை. அதற்குக் காரணம் தண்ணீருக்குக் குளோரின் போட்டதும், பிள்ளைகளுக்கு முன்பே ஊசி போட்டிருந்ததும், நம் மருத்துவமாதுகள் கூடாரம் கூடாரமாக நடந்ததும்தான். படம் எடுத்து, அடையாளம் குறித்து, சொந்தக்காரர் வரும்வரை கொஞ்சம் பொறுத்து அடக்கியிருக்கலாம். அப்படிச் செய்யவிடாமல் பயமுறுத்தியவர்களுக்கு அறிவியலில் எந்த ஆதாரமும் இருக்கவில்லை.

வாழைச்சேனை வாசகி: பிள்ளைக்கு வயிற்றோட்டம் என்று கொண்டுபோனால் ஒரு ஜீவனிப் பைக்கற்றை (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு-சீனித் தூள்) தந்து அனுப்பிவிடுகிறார்கள். சேலைன் ஏற்றினால்தானே சுகமாகும்? ஏழைகள் என்பதால் மலிவு மருந்தா?

தங்கச்சி, இந்தக் கோபம் எனக்குப் புரிகிறது, ஆனால் ஜீவனியைக் குறைத்து எடைபோடாதீர்கள். அதன் பெருமை தெரிய வந்ததே ஒரு அகதி முகாமில்தான்.

1971இல் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் இந்தியாவுக்குள் ஓடி வந்தார்கள். எல்லையோர ஊரான பொன்காவில் வாந்திபேதி. ஆஸ்பத்திரித் தரை முழுக்க நோயாளிகள், சேலைன் போத்தல் முடிந்துகொண்டே போகிறது, ஏற்றத் தெரிந்த ஆட்களும் போதாது. அங்கே வேலை செய்த டொக்டர் திலீப் மகலானபிஸ், உப்பும் குளுக்கோசும் சோடா உப்பும் அளவாகக் கலந்த தண்ணீரை ட்ரம்மில் நிரப்பி வைத்து, நோயாளியின் தாயையோ சகோதரனையோ கொண்டு கோப்பை கோப்பையாகக் குடிக்க வைத்தார். படித்த தாதி தேவையில்லை, ஊசி தேவையில்லை. அங்கே 100 பேரில் 30 பேர் இறந்துகொண்டிருந்த இடத்தில் அது 4 பேருக்கும் குறைவாக இறங்கியது. அதுவரை பெரிய டொக்டர்கள் பலர் இதை நம்பவில்லை, சேலைனுக்கு ஈடாக வாயால் குடிக்கிற ஒன்றா என்று. அந்த முகாமுக்குப் பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது.

வேலை செய்யும் விதம் இதுதான்: வயிற்றோட்டத்திலும் குடல் சீனியையும் உப்பையும் சேர்த்தே உள்ளே இழுக்கும், அவற்றின் பின்னால் தண்ணீரும் போகும். வெறும் தண்ணீர் கொடுத்தால் அப்படிப் போகாது. பைக்கற்றில் எழுதியிருக்கிற அளவுத் தண்ணீரிலேயே கரையுங்கள், கூட்டவும் வேண்டாம் குறைக்கவும் வேண்டாம், கரண்டி கரண்டியாகக் கொடுங்கள், வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு மறுபடி கொடுங்கள். பைக்கற் இல்லாத இரவில் கொதித்தாறிய ஒரு லீற்றர் தண்ணீரில் மட்டமான 6 தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் போடுங்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். பிள்ளை குடிக்க முடியாமல் துவண்டாலோ, கண் குழி விழுந்தாலோ, மலத்தில் இரத்தம் வந்தாலோ, ஆறு மணித்தியாலமாகச் சிறுநீர் போகாவிட்டாலோ அப்போது சேலைன்தான், ஓடுங்கள்.

ஸ்காபரோ, கனடா (சொந்த ஊர் கொக்கட்டிச்சோலை): இங்கே வந்து நான்கு வருடத்துக்குப் பிறகு எனக்குக் காசநோய் என்று சொல்லிவிட்டார்கள். வரும்போது எடுத்த எக்ஸ்ரே சுத்தமாகத்தான் இருந்தது. ஒரே வீட்டில் இருந்த பொடியன்கள் என்னை வேறு இடம் பார்க்கச் சொல்கிறார்கள். வேலையிடத்தில் தெரிந்தால் வேலையும் போய்விடுமோ? நான் ஊரிலிருந்து கொண்டுவந்ததா, இங்கே பிடித்ததா?

தம்பி, முதலில் மருந்தை விடாதீர்கள், மற்றதெல்லாம் பிறகு. சாதாரண காசநோய்க்கு 6 மாதம் மருந்து. இரண்டு மாதத்தில் உடம்பு தேறி, பசி எடுத்து, "எனக்கு இப்ப ஒண்டுமில்ல" என்று தோன்றும், அந்த இடத்தில்தான் பலர் நிறுத்துகிறார்கள், பிறகு மருந்துக்கு அடங்காத கிருமியோடு வருகிறார்கள்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். உலகத்தில் நாலில் ஒருவர் உடம்பில் காசநோய்க் கிருமி தூங்கிக்கொண்டிருக்கிறது என்று கணக்கு. அப்படி வைத்திருப்பவர்களில் 100க்கு 5 முதல் 10 பேருக்குத்தான் வாழ்நாளில் ஒருநாள் அது விழித்து நோயாகும். தூங்குகிற கிருமி எக்ஸ்ரேயில் தெரியாது, யாருக்கும் தொற்றவும் செய்யாது. விழிக்க வைப்பது எது? சத்துக் குறைவு, சலரோகம் (நீரிழிவு), சிகரெட், எச்.ஐ.வி., வேறு நோய்க்கு நீண்ட நாள் எடுக்கும் ஸ்டீரொயிட். அகதியாக வந்தவர் ஒரு பேஸ்மென்ற் அறையில் ஆறு பேரோடு படுத்து, இரண்டு வேலை செய்து, இரவில் பாணும் தேநீரும் குடித்து, வழக்கு என்ன ஆகுமோ என்று தூங்காமல் கிடப்பதைச் சேர்த்துப் பாருங்கள். கிருமி ஊரில் ஏறியிருக்கலாம், கனடாவில் அந்த அறையிலும் ஏறியிருக்கலாம், எது என்று உங்களாலும் சொல்ல முடியாது, அதைக் குற்றமாகச் சுமக்கவும் தேவையில்லை.

உங்களோடு இருக்கும் பொடியன்களுக்கு: ஒழுங்காக மருந்து தொடங்கி ஏறத்தாழ இரண்டு கிழமை கழிந்தால் பெரும்பாலானவர்கள் மற்றவருக்குத் தொற்ற வைக்க மாட்டார்கள், எப்போது பயமில்லை என்று கிளினிக்கே சொல்லும். கோப்பை, தட்டு, துவாய் வழியாக இது பரவாது, ஒரே அறைக் காற்றில் நீண்ட நேரம் இருந்தால்தான் பரவும். ஆகவே அவரைத் துரத்தாமல் நீங்கள் எல்லாரும் போய்ப் பரிசோதித்துக்கொள்ளுங்கள், அந்தக் காற்றைத்தான் நீங்களும் இவ்வளவு காலம் சுவாசித்தீர்கள்.

வேலையிடம் பற்றிய பயம் வெறும் கற்பனை என்று சொல்ல மாட்டேன். 2010 ஆகஸ்டில் 492 தமிழரோடு சன் சீ கப்பல் பிரிட்டிஷ் கொலம்பியாக் கரைக்குப் போனபோது, ஆட்கள் இறங்கவே முதல் கப்பலில் காசநோய் என்ற பேச்சு செய்திகளில் வந்துவிட்டது. இரண்டு வருடம் கழித்து 2012இல் கனடா அரசு அகதி கோருவோருக்கான மருத்துவ உதவியை வெட்டியது. வெட்டிய விதத்தைக் கவனியுங்கள், சில பிரிவினருக்கு மற்றவருக்கு ஆபத்தான நோய் என்றால் மட்டும் சிகிச்சை, காசநோய்க்கு மருந்து உண்டு, சலரோகத்துக்கு இன்சுலின் கிடையாது. உன் உயிர் எங்களுக்கு முக்கியமில்லை, உன் இருமல்தான் முக்கியம் என்று சட்டம் போட்டுச் சொன்ன மாதிரி. சலரோகம் கட்டுப்படாவிட்டால் காசநோய் விழிக்கும் என்ற சின்ன விஷயம்கூட அதை எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை. டொக்டர்கள் வெள்ளை அங்கியோடு வீதிக்கு வந்து போராடினார்கள், 2014இல் நீதிமன்றம் அது கொடுமையான நடைமுறை என்றது, 2016இல் பழையபடி முழு உதவியும் வந்தது. உங்கள் சிகிச்சை விபரத்தை மருத்துவப் பக்கம் உங்கள் அனுமதியில்லாமல் முதலாளியிடம் சொல்லக்கூடாது, தொற்று விசாரணைக்குத் தேவைப்பட்டாலும் பெயர் சொல்லாமல்தான் விசாரிப்பார்கள். கிளினிக்கிலுள்ள தாதியிடமே இதைக் கேளுங்கள், அவர்கள் இதைத் தினமும் பார்க்கிறவர்கள்.

திருக்கோவில் வாசகர்: மகன் லண்டனுக்குப் படிக்கப் போகிறான். காசநோய்ப் பரிசோதனைச் சான்றிதழ் கேட்கிறார்கள். எங்களை நோயாளியாகப் பார்க்கிறார்களே?

6 மாதத்துக்கு மேல் தங்கப் போகும் எல்லாரிடமும், அவர்கள் பட்டியல் போட்டிருக்கும் நாடுகளிலிருந்து வந்தால் கேட்பார்கள், இலங்கையும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஒரு எக்ஸ்ரே, கொழும்பில் முடியும். நோய் இருந்தால் மகனுக்கே முதலில் தெரிய வரும், அது நட்டமா? ஒன்று மட்டும் சொல்லி அனுப்புங்கள், எக்ஸ்ரே சுத்தம் என்றால் இன்று நோயில்லை என்பதுதான் அர்த்தம். அங்கே போய் இரண்டு கிழமைக்கு மேல் இருமினாலோ, இரவில் வியர்த்து மெலிந்தாலோ "நான்தான் சேர்டிபிக்கற் எடுத்தேனே" என்று இருந்துவிட வேண்டாம். மேலேயுள்ள கொக்கட்டிச்சோலைத் தம்பியின் கடிதத்தையும் வாசிக்கக் கொடுங்கள்.

தம்பிலுவில் வாசகி: தமிழ்நாட்டு முகாமில் நீண்ட காலம் இருந்த பெரியம்மா ஊருக்குத் திரும்பி வந்தார். வந்த கையோடு மலேரியா என்று சொல்லி விரலில் குத்தி இரத்தம் எடுத்தார்கள். சொந்த மண்ணுக்கு வந்தவரைச் சந்தேகப்படுவது சரியா?

மகள், அந்தக் குத்து அவமானம் இல்லை, உங்கள் பெரியம்மாவைவிட உங்களையும் என்னையும் காப்பாற்றுகிற குத்து. உள்ளூரில் பிடித்த கடைசி மலேரியா நோயாளியை நாம் கண்டது 2012 அக்டோபரில், மலேரியா இல்லாத நாடு என்ற சான்றிதழ் கிடைத்தது 2016 செப்டம்பரில். ஆனால் அதைக் காவும் நுளம்பு எங்கேயும் போகவில்லை, அம்பாறை வயல் வாய்க்காலிலும் ஆற்றுக் குழியிலும் பாடிக்கொண்டுதான் இருக்கிறது. வெளியிலிருந்து கிருமி ஒன்று வந்து சேர்ந்தால் போதும். 2018 கடைசியில் பக்கத்து மொனராகலையில் அப்படியே நடந்தது, வெளிநாட்டுத் தொழிலாளி ஒருவரிடமிருந்து அதே இடத்தில் இருந்த நம்மவர் ஒருவருக்குத் தொற்றியது, உடனே கண்டுபிடித்து அமுக்கிவிட்டார்கள். அமுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று நம் நாட்டுக்கு நன்றாகத் தெரியும். 1963இல் முழு நாட்டிலும் 17 நோயாளிகள்தான், மலேரியா முடிந்தது என்று மருந்தடிப்பதை நிறுத்தினோம், அந்தப் பத்தாண்டு முடிய முன்பே லட்சக்கணக்கில் வந்து நின்றது. இந்தியாவில் அதிகம் காணும் ஒரு வகைக் கிருமி ஈரலில் மாதக்கணக்காக ஒளிந்திருக்கும், காய்ச்சலே இருக்காது, அதனால்தான் சுகமாக வந்து இறங்குகிறவரையும் பார்க்கிறார்கள். பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

ஆனால் உங்கள் கோபத்திலும் நியாயம் உண்டு, எப்படிக் குத்துகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 1983க்குப் பிறகு நம்மாட்கள் போய் இறங்கிய மண்டபம் முகாமின் கதை உங்களுக்குத் தெரியுமா? வெள்ளைக்காரன் காலத்தில் அது இலங்கைத் தோட்டங்களுக்கு வேலைக்கு வரும் இந்தியத் தமிழர்களைத் தடுத்து வைக்கும் இடம். அம்மை, வாந்திபேதி, கொள்ளைநோய் எதையும் கொண்டுவந்துவிடக் கூடாது என்று அங்கே நாட்கணக்காக வைத்து, ஊசி குத்தி, மருந்தில் முக்கித்தான் கப்பல் ஏற்றினார்கள். அதே கூலி, தோட்டத்து லைன் அறைக்குள் போய்ச் சேர்ந்த பிறகு வயிற்றோட்டத்தில் செத்தால் யாரும் அவ்வளவு பதறவில்லை. அப்படி நடத்தாமல், கூப்பிட்டு இருத்தி, "ஏன் எடுக்கிறம் எண்டால் இதுக்குத்தான் அம்மா" என்று சொல்லி, முடிவையும் சொல்லி அனுப்பினால் யாரும் கோபிக்க மாட்டார்கள். பெரியம்மாவுக்கு அப்படிச் சொல்லாமல் விட்டிருந்தால் அது பிழைதான். காய்ச்சல் வந்தால் மறுபடியும் போய் "இந்தியாவிலிருந்து வந்தனான்" என்று அவரே சொல்லட்டும், ஒரு வருடத்துக்காவது இதை மறக்க வேண்டாம்.

மருதமுனை வாசகர்: நோய் கொண்டுவருவது எப்போதும் அகதிதானா? உதவி செய்ய வருகிறவன் கொண்டுவர மாட்டானா?

கொண்டுவந்திருக்கிறான் தம்பி. 2010 ஜனவரியில் ஹெய்ட்டியில் பூகம்பம், லட்சக்கணக்கானவர்கள் கூடாரத்தில். ஆனால் அக்டோபரில் வாந்திபேதி வெடித்தது கூடாரத்தில் இல்லை. ஐ.நா. அமைதிப் படையின் முகாம் ஒன்றிலிருந்து மலக்கழிவு ஆற்றில் கலந்தது, அங்கே இருந்தவர்கள் நேபாளத்திலிருந்து வந்த சிப்பாய்கள், அந்த நேரம் நேபாளத்தில் வாந்திபேதி இருந்தது. நூறு வருடமாக வாந்திபேதியைக் காணாத நாட்டில் கிட்டத்தட்ட 10,000 பேர் இறந்தார்கள். ஐ.நா. ஆறு வருடம் மழுப்பி, 2016 டிசம்பரில்தான் பான் கி மூன் மன்னிப்புக் கேட்டார். அந்தச் சிப்பாய்களில் யாரும் தெரிந்து செய்யவில்லை, அவர்கள் கழிவைக் குழியில் ஒழுங்காக மூடாத ஒப்பந்தக்காரரும் அதைப் பார்க்காத அதிகாரியும்தான் பொறுப்பு. கடவுச்சீட்டைப் பார்க்கிற அளவுக்கு மலக்குழியையும் பார்த்திருந்தால் அத்தனை பேர் செத்திருக்க மாட்டார்கள்.

சூரிச், சுவிஸ் (சொந்த ஊர் மண்டூர்): நாங்கள் அகதியாக வந்து இப்போது இந்த நாட்டுக்காரர். வருகிற மண்டூர் முருகன் திருவிழாவுக்கு இங்கே பிறந்த இரண்டு பிள்ளைகளோடு வருகிறோம். ஊசி ஏதும் போட வேண்டுமா? நாங்கள் அங்கே பிறந்தவர்கள்தானே, எங்களுக்கு ஒன்றும் வராதுதானே?

வரும் தங்கச்சி, நன்றாக வரும். ஊர்த் தண்ணீர் குடித்து வளர்ந்த உடம்பு என்பதெல்லாம் இருபது வருடத்துக்கு முந்திய கதை. பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை, அவர்கள் வயிறு சூரிச் வயிறு. சொந்த ஊர் பார்க்க வருகிறவர்கள்தான் ஹோட்டலில் தங்கும் வெள்ளைக்காரனைவிட அதிகம் நோயோடு திரும்புகிறார்கள், ஏனென்றால் மாமி வீட்டுக் கிணற்றுத் தண்ணீரையும் திருவிழாக் கடைச் சர்பத்தையும் வேண்டாம் என்று சொல்ல முடியாது, அங்கே டொக்டரிடமும் போய்க் கேட்க மாட்டார்கள். பயணத்துக்கு நான்கு முதல் ஆறு கிழமைக்கு முன் போங்கள். வைரஸ் செங்கண்மாரி ஏ வகைக்கும் நெருப்புக்காய்ச்சலுக்கும் (டைபொயிட்) ஊசி கேளுங்கள், சின்னமுத்து ஊசி இரண்டும் முடிந்ததா என்று பாருங்கள், பிள்ளைகள் ஊர் நாய்களோடு விளையாடுகிறவர்கள் என்றால் விசர்நாய் ஊசி பற்றியும் பேசுங்கள். மலேரியா மாத்திரை தேவையில்லை. டெங்குவுக்கு நுளம்புத் தைலமும் நீளக் கைச் சட்டையும்தான், அதுவும் பகலில். இங்கே இருக்கும்போது காய்ச்சல் வந்தால் பனடோல் மட்டும், ஐபுபுரோஃபெனும் அஸ்பிரினும் கூடவே கூடாது, இரண்டாம் நாளும் காய்ந்தால் இரத்தம் பாருங்கள். திரும்பிப் போய் மூன்று நான்கு கிழமைக்குள் காய்ச்சல் வந்தாலும் அங்கே டொக்டரிடம் வாய் திறந்து "இலங்கைக்குப் போய் வந்தோம்" என்று முதல் வசனமாகச் சொல்லுங்கள், சொல்லாவிட்டால் அவர் சுவிஸ் தடிமன் என்று நினைத்து அனுப்பிவிடுவார்.